எழுதி வைத்த வானம்

சென்ற வருடம் ஷஃபான் பிறை 29 அன்று, மஃரிப் வேளையில் வாப்பாவுடன் வீட்டு மேல்தட்டில் நின்றிருந்தேன். மேகங்களுக்கிடையே ஒரு வெள்ளைக் கீற்றுத் தெரிந்தது.

"வாப்பா, பிறை!" என்று கத்தினேன்.

"எந்தப் பக்கம் மகள்? எவ்வளவு உயரத்தில? எத்தனை மணிக்குக் கண்ட?" என்று வாப்பா கேட்டார். என்னால் சரியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதற்குள் கீற்றும் மறைந்துவிட்டது.

"கண்டது மட்டும் போதாது மகள். சாட்சி சொல்லவும் தெரிய வேணும்" என்றார்.

காமாக் கதிர்த் தொலைகாட்டிகளைப் பற்றி வாசித்தபோது இந்த வார்த்தை எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

விண்வெளியிலிருந்து வரும் காமாக் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அப்படியானால் தரையில் தொலைகாட்டி வைத்து எதைப் பார்ப்பது? விடை வியப்பானது. மிக உயர்ந்த சக்தியுள்ள ஒரு காமாக் கதிர் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது, ஓர் இலத்திரனும் ஒரு பொசித்திரனும் தோன்றுகின்றன. அவற்றிலிருந்து மேலும் காமாக் கதிர்கள், அவற்றிலிருந்து மேலும் துணிக்கைகள் என ஒன்று பலவாகி மழைபோல் இறங்குகின்றன. வெற்றிடத்தில் ஒளியை எதுவும் முந்த முடியாது. ஆனால் வளியில் ஒளியின் வேகம் சற்றுக் குறைவு. அங்கே இத்துணிக்கைகள் ஒளியை முந்திச் செல்லும்போது நீல நிற ஒளி பிறக்கிறது. இதுவே செரன்கோவ் ஒளி. ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரமே அது நிலைக்கும். தரையில் சுமார் 250 மீற்றர் அகலத்துக்குப் பரவினாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

1952 இல் இங்கிலாந்தின் ஹாவெல் என்னுமிடத்தில் கல்பிரெயித், ஜெலி என்ற இரு விஞ்ஞானிகள், ஒரு குப்பைத் தொட்டிக்குள் சிறிய குழிவாடியையும் ஒளியுணர் குழாயையும் பொருத்தி, இரவு வானில் இத்தகைய ஒளித்துடிப்புகளைக் கண்டறிந்தனர். இன்று ஆபிரிக்காவின் நமீபியாவில் உள்ள 'ஹெஸ்' நிலையத்தில் 12 மீற்றர் விட்டமுள்ள நான்கு தொலைகாட்டிகளும் 28 மீற்றர் விட்டமுள்ள ஒன்றும் இயங்குகின்றன. நிலவொளி இந்த மெல்லிய ஒளியை மறைப்பதால், பெரும்பாலும் நிலவில்லாத நேரங்களிலேயே அவை வானைப் பார்க்கின்றன.

ஹெஸ் பார்த்தவற்றில் ஒன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எங்கள் முன்னோர் வெறுங்கண்ணால் பார்த்தது. ஹிஜ்ரி 396 ஷஃபான் தொடக்கத்தில், ஈராக்கின் கிப்லாத் திசைக்கு இடப்புறமாக வெள்ளியைப் போன்ற பெரிய நட்சத்திரம் தோன்றியதாக வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் பதிந்திருக்கிறார். அது கிறிஸ்து ஆண்டு 1006. சீனா, ஜப்பான், சுவிட்சர்லாந்து நாடுகளிலும் அதைக் கண்டு எழுதினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எகிப்தைச் சேர்ந்த அலி இப்னு ரிள்வான். ரொட்டி சுடுபவரின் மகன். பிற்காலத்தில் பெரிய மருத்துவரானார். அந்த நட்சத்திரம் தோன்றியபோது அவர் கல்வியைத் தொடங்கியிருந்த ஒரு மாணவன். பிரகாசமாக இருந்தது என்று மட்டும் அவர் எழுதி நிறுத்தவில்லை. வெள்ளியைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரியது, சந்திரனின் ஒளியில் காற்பங்குக்குச் சற்று அதிகம், விருச்சிக ராசியில் பதினைந்தாம் பாகை என்று எழுதினார். அன்று சூரியனும் சந்திரனும் கிரகங்களும் நின்ற இடங்களையும் குறித்தார். அக்குறிப்பிலிருந்தே, அவர் சொல்லும் நாள் 1006 ஏப்ரல் 30 என்று இன்றைய ஆய்வாளர்கள் கணித்தனர்.

அது ஒரு நட்சத்திரத்தின் வெடிப்பு. இப்படி வெடிப்பதை சுப்பர்நோவா என்பர். பழைய குறிப்புகள் காட்டிய பகுதியில், 1965 இல் அவுஸ்திரேலியாவின் பாக்ஸ் வானொலித் தொலைகாட்டியின் உதவியுடன் அதன் எச்சம் அடையாளம் காணப்பட்டது. அது நம்மிலிருந்து சுமார் 7,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. ஹெஸ் நிலையம் 2003 முதல் 2008 வரை சுமார் 130 மணித்தியாலம் அதை நோக்கிக் காத்திருந்தது. எச்சத்தின் இரு எதிர்ப் பக்கங்களிலிருந்து காமாக் கதிர்கள் வருவதை 2010 இல் வெளியிட்டது. அண்டத்தில் துணிக்கைகள் எவ்வாறு இவ்வளவு வேகம் பெறுகின்றன என்ற கேள்விக்கு இது உதவுகிறது. அந்த வெடிப்பு எப்போது தெரிந்தது என்று உறுதியாகத் தெரிவதால்தான், எச்சம் எவ்வளவு வேகமாக விரிந்திருக்கும் என்பதைக் கணிக்க முடிகிறது. அந்த உறுதியைத் தந்தது ஒரு மாணவன் போன்றோரின் எழுத்து.

இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தனியூசல் பரிசோதனையில் ஒரு வாசிப்பு வரைபின் நேர்கோட்டில் விழவில்லை. அதை அழித்துவிட்டு, கோட்டில் விழக்கூடிய எண்ணை எழுதினேன். புள்ளியும் கிடைத்தது. ஆனால் நான் உண்மையில் கண்ட எண் எதுவென்று இன்று எனக்கே தெரியாது.

மறுவாரம் ஆசிரியையிடம் சொல்லி அந்தப் பரிசோதனையை மீண்டும் செய்தேன். இம்முறையும் ஒரு புள்ளி கோட்டிலிருந்து விலகியே நின்றது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

சகோதரிகளே, விலையுயர்ந்த கருவிகள் நம் பாடசாலையில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். இப்னு ரிள்வானிடமும் தொலைகாட்டி இருக்கவில்லை. கண்டதைக் கண்டபடி, வானில் அது நின்ற இடத்துடனும் கிரகங்களின் நிலைகளுடனும் எழுதினார். ஒரு கொப்பியும் பேனாவும் நம்மிடமும் இருக்கின்றன.