கட்டிலுக்கு அடியில் கிடக்கும் நூலுக்கு அக்காவின் டிப்ஸ்

போன வாரம் ஒரு தங்கை போனில் கேட்டாள்: "அக்கா, எட்டுப் பை உல்லன் நூல் இருக்கு. கட்டில் டிராயரை மூட முடியலை. எல்லாத்தையும் சாரிட்டி ஷாப்ல குடுத்துடவா?" வால்தம்ஸ்டோவில் அவள் இருப்பது வார்னர் வீடு ஒன்றின் மேல்பாதியில். ஒரே வளைவுக்குக் கீழே இரண்டு வாசற்கதவு இருக்குமே, ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று மாடிக்கு, அந்த மாதிரி வீடு. அங்கே துணிமணிக்கே இடம் போதாது. கொடுக்கிறதை அப்புறம் பார்க்கலாம், முதலில் எடை போடு என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன்.

நமக்கெல்லாம் நூல் எப்படிச் சேருகிறது? ஹை ஸ்ட்ரீட் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போய், திரும்பும்போது சாரிட்டி ஷாப் வாசலில் ஒரு பை உருண்டைகளைப் பார்த்து மனசு இளகி வாங்கியது. 2020 லாக்டவுனில் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஆர்டர் போட்டது. யாரோ ஒரு பாட்டி இறந்து, அவர் மகள் "நீ பின்னுவாயே" என்று கொண்டுவந்து கொடுத்தது. எல்லாமே நல்ல நூல்தான். ஆனால் நாம் ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு டிசைனைப் பார்த்து ஆசைப்படுகிறோம், அதற்கு ஏற்ற நூலைத் தேடிக் கடைக்குப் போகிறோம். அப்படிச் செய்தால் கையிருப்பு ஒரு நாளும் குறையாது. கையில் இருக்கும் நூலை வைத்துக்கொண்டு டிசைனைத் தேடு. இருபது வருஷமாக இந்த ஊரில் பின்னுகிறேன், எனக்குப் பலித்த ஒரே வழி இதுதான்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரு நாள் தரையில் கொட்டு. கலர்வாரியாகப் பிரிக்கத்தான் கை போகும், வேண்டாம். எதனால் ஆன நூல் என்று பார்த்துப் பிரி. ஆட்டு ரோமம் ஒரு பக்கம், பருத்தி ஒரு பக்கம், அக்ரிலிக் ஒரு பக்கம். லேபிள் கிழிந்துபோனதை எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துத் தீக்குச்சியால் பற்றவை. முடி கருகிய வாசமும் விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் வந்தால் ரோமம். காகிதம் எரிந்த வாசம் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் அக்ரிலிக். உருகும்போது அதைக் கையால் தொடாதே.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், எந்த நூல் எதற்கு ஆகும் என்பது இதில்தான் இருக்கிறது. தோசைக்கல்லைப் பிடிக்கும் கரித்துணியை அக்ரிலிக்கில் பின்னினால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். அதற்குப் பருத்தியோ ரோமமோதான் வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சாதாரண ரோமத்தில் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தால், தூக்கமில்லாத தாய் அதை மற்ற துணியோடு மெஷினில் போட்டுவிடுவாள், பொம்மை அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்று இருப்பதைக் குழந்தைகளுக்கு ஒதுக்கிவை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கம்பளி அனுப்பாதே. ஊட்டி, கொடைக்கானல் சொந்தங்களுக்கு அனுப்பு. அப்பா மார்கழி விடியலில் வாக்கிங் போகிறவர் என்றால் மெல்லிய நூலில் ஒரு மங்கி குல்லா போதும், ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வருவார்.

பிரிக்கும்போதே அந்துப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. லண்டன் பழைய வீடுகளில் இது பெரிய தொல்லை. 2017இல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் நிறுவனம் இந்தப் பூச்சியின் நடமாட்டத்தைக் கணக்கெடுக்க மக்களிடம் பொறிகளையே கொடுத்தது. பறக்கும் பூச்சி நூலைத் தின்னாது, அதன் புழுதான் தின்னும். அதுவும் ரோமம், பட்டு மாதிரி உயிரினத்திடமிருந்து வந்ததைத்தான் தேடும். மணல் போன்ற துகளோ, வெள்ளைச் சவ்வுக் கூடோ, அறுந்து அறுந்து வரும் நூலோ கண்ணில் பட்டால் அந்தப் பையை மட்டும் உடனே தனியே எடு. பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதே. அறைச் சூட்டுக்கு வரும்வரை விடு, இல்லாவிட்டால் நூலில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஊரிலிருந்து அந்துருண்டை கொண்டுவருகிற வேலை மட்டும் வேண்டாம் கண்ணு. நாஃப்தலீன் உருண்டைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2008லேயே தடை செய்துவிட்டது. அதன் ஆவி, ஜி6பிடி குறைபாடு உள்ள கைக்குழந்தைகளின் ரத்த அணுக்களையே உடைத்துவிடும்.

இனி எடை. சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் எத்தனை கிராம், என்ன தடிமன் என்று எழுதிச் செருகிவிடு. தடிமன் தெரியாவிட்டால் ஸ்கேலில் நெருக்கமாக, இழுக்காமல் சுற்று. இரண்டரை சென்டிமீட்டருக்குள் 11 முதல் 14 சுற்று வந்தால் டிகே, அதற்கு மேல் போனால் 4 ப்ளை, எட்டு முதல் பத்து என்றால் ஆரன். டிகே நூல் 50 கிராமில் ஏறக்குறைய 120 மீட்டர் இருக்கும். பெரியவர்களுக்கு முழுக்கை ஸ்வெட்டர் ஒன்றுக்கு 1200 மீட்டரை ஒட்டித் தேவைப்படும். குல்லா ஒன்றுக்கு 150 முதல் 200 மீட்டர் போதும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், 'எட்டுப் பை' என்று பயமுறுத்திய குவியல் 'இரண்டு ஸ்வெட்டர், ஐந்து குல்லா, கொஞ்சம் சில்லறை' என்று சுருங்கிவிடும். தங்கை எடை போட்டுப் பார்த்து போனில் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது.

நூல் போதுமா போதாதா என்ற சந்தேகத்தோடு ஸ்வெட்டர் தொடங்கினால், கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் டிசைனாக எடு. தோள் பிரிந்ததும் உடம்பை நிறுத்திவைத்துவிட்டு இரண்டு கைகளையும் முதலில் முடி. பிறகு மிச்சம் இருக்கும் நூல் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு உடம்பு. நான் ஒருமுறை இதைத் தலைகீழாகச் செய்து, ஒன்றரைக் கையோடு நின்றுபோன பச்சை ஸ்வெட்டரைப் பிரிக்க நேர்ந்தது. இரண்டு மாத வேலை. முடிவை நெருங்கும்போது பத்து வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டையை நிறுத்துப் பார், ஒரு வரிசைக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்துவிடும். தராசு பக்கத்தில் இல்லையா? சாதாரணப் பின்னலில் ஒரு வரிசைக்கு அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் போகும். கடைசி வரிசைக் கண்ணிகளை மூடுவதற்கு நான்கு மடங்கு ஒதுக்கு.

ஒரே கலர்தான், ஆனால் சாயத் தொகுதி எண் வேறு என்றால் இரண்டு உருண்டையிலிருந்தும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு வரிசை பின்னு, வித்தியாசம் கண்ணுக்குப் படாது. 4 ப்ளை நிறையக் கிடந்தால் இரண்டு இழை சேர்த்துப் பிடி, டிகேக்கும் ஆரனுக்கும் நடுவில் நிற்கும். வேகமாகவும் கரையும்.

அழகில்லாத கலர்களை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாயம் ஏற்றி மாற்றிவிடலாம். அதில் தெம்பு வர, வால்தம்ஸ்டோவின் லாய்ட் பார்க் பக்கம் போய்வா. அங்கே இருக்கும் வில்லியம் மாரிஸ் கேலரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 1834இல் இதே வால்தம்ஸ்டோவில் பிறந்த மாரிஸ், சிறுவனாக இருந்தபோது அவருடைய குடும்பம் குடியிருந்த வீடு அது. 1950இல் அதைக் கேலரியாகத் திறந்துவைத்தவர் அப்போதைய பிரதமர் அட்லி. இரசாயனச் சாயங்களின் கலர் பிடிக்காமல், 1870களில் லீக் என்ற ஊருக்குப் போய் தாமஸ் வார்டில் என்பவரோடு சாயத்தொட்டியில் தானே கையை விட்டுக் கற்றுக்கொண்டவர் மாரிஸ். அவர் தேடிப் போன நீலம் நம் அவுரி. விழுப்புரம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்களே, அதே செடி. ஒரு கலை தெரிய வேண்டுமானால் அதன் மூலப்பொருளில் கை படவேண்டும் என்று அவர் நினைத்தார். எனக்கும் அதில் முழு நம்பிக்கை உண்டு.

நீ அவுரித் தொட்டி வைக்க வேண்டாம். சாம்பாருக்கு உரிக்கும் வெங்காயத் தோலைச் சேர்த்து வை. வெளிறிப்போன மஞ்சள், அழுக்குப் பழுப்பு, பால் வெள்ளை என்று ஒன்றுக்கொன்று சேராத ரோம நூல்களைச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டு. 100 கிராம் நூலுக்குப் பத்து கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம், கொதிக்க விடாமல், சிறு தீயில் வை. இன்னொரு பக்கம் அதே 100 கிராம் வெங்காயத் தோலை ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டு. அந்தச் சாற்றில் நூலை இறக்கி மறுபடி சிறு தீயில் ஒரு மணி நேரம். அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிடு. பொன்னிறத்திலிருந்து செம்மண் கலர் வரை வரும். முன்னே சேராமல் நின்ற கலர்களெல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும். சூடான நூலைக் குளிர்ந்த நீரில் போடாதே, இறுகிவிடும். அக்ரிலிக்கில் இந்தச் சாயம் பிடிக்காது. படிகாரம் போட்ட பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது.

இப்போது நூற்கிற விஷயத்துக்கு வருகிறேன். கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய ஆட்டு ரோமப் பட்டைகள், புளூஃபேஸ்டு லெஸ்டர், ஷெட்லாண்ட், மெரினோ என்று உன் வீட்டிலும் பொதிபொதியாக இருக்கும். "நூற்கத் தெரியாதே" என்று சொல்லாதே. என் அம்மா திருப்பூரில் பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றியவர். கைத்தொழில் பீரியடில் வகுப்பே உட்கார்ந்து பஞ்சுப் பட்டையிலிருந்து நூல் இழுக்குமாம். திருப்பூர் பனியன் ஊராக ஆவதற்கு முன் கதர் ஊர். அம்மா இங்கே வந்திருந்தபோது என் மரக் கதிரைக் கையில் வாங்கி ஒரு சுண்டு சுண்டினார். அறுபது வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை. பருத்தி இழை சின்னது, ஒரு அங்குலம்தான் இருக்கும். ஆட்டு ரோமம் மூன்று நாலு அங்குலம். "இது தானா வருதே" என்று அம்மா ஆச்சரியப்பட்டார். அதனால் உனக்கும் வரும்.

பட்டை இறுகிக் கிடந்தால் இழுக்காமல், நீளவாக்கில் நாலாகக் கிழித்து உதறு. இழுத்தும் வராவிட்டால் உன் இரண்டு கைகளும் நெருங்கி இருக்கின்றன என்று அர்த்தம். இழை நீளத்துக்கு மேல் கைகளை விலக்கிப் பார், வழுக்கிக்கொண்டு வரும். முறுக்கை வலப்பக்கம் ஏற்றி நூற்றால், இரண்டு இழையைச் சேர்க்கும்போது இடப்பக்கம் முறுக்கு. ஒரு பொதியில் இருக்கிற அத்தனையையும் ஒற்றை இழையாக நூற்று முடித்த பிறகுதான் சேர்க்கத் தொடங்கு. பாதியில் சேர்த்தால் முதல் சிட்டம் தடியாகவும் கடைசிச் சிட்டம் மெல்லியதாகவும் நிற்கும். எடையால் சரிபாதியாகப் பிரித்து நூற்றுக்கொண்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தீரும். பல கலர்ப் பொதிகள் ஒவ்வொன்று மட்டும் இருந்தால், ஒவ்வொன்றையும் ஒரே சாம்பல் இழையோடு சேர்; ஒரு ஸ்வெட்டருக்கான நூல் திரண்டுவிடும். முடிந்த சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அமுக்கி, தொங்கவிட்டுக் காயவை.

நேரம் இல்லை என்பவளுக்கு ஒரு வழி. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நடக்கும் ஜூலை மாதத்தில் உலகம் முழுக்க நூற்பவர்கள், 2006இலிருந்து, சைக்கிள் சுற்றுகிற நாளெல்லாம் தாங்களும் கதிர் சுற்றுகிறார்கள். வீரர்கள் ஓய்வெடுக்கும் நாளில் ஓய்வு. தினம் பதினைந்து நிமிஷம் என்றால் 21 நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வந்துவிடும். ஒரு பொதி கரைய அது தாராளம். பின்னலுக்கு ரயில் இருக்கிறது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து வால்தம்ஸ்டோ வழியாகச் சிங்ஃபோர்டு போகும் ஓவர்கிரவுண்ட் பாதைக்கு 2024இல் 'வீவர்', அதாவது நெசவாளர், என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கைப்பையில் எப்போதும் ஒரு குல்லா வேலை இருக்கட்டும்.

கடைசியில் சில பைகள் மிஞ்சும். தொட்டாலே பிடிக்காத நூலை மனசைக் கட்டிப்போட்டுப் பின்னாதே, கொடுத்துவிடு. ஆனால் எங்கே கொடுத்தாலும் முதலில் கேட்டுவிட்டுக் கொடு. மருத்துவமனைக்குக் குழந்தைக் குல்லா பின்னுவதாக இருந்தாலும் எந்த நூல், எந்த அளவு வேண்டும் என்று கேட்ட பிறகே ஊசியை எடு. பின்னியவற்றைத் தேவைப்படுபவர்களுக்குச் சேர்க்கும் தொண்டு நிறுவனங்களும் உண்டு.

வருகிற சனிக்கிழமை சந்தைக்குப் போவதற்கு முன்னால், எல்லாப் பையையும் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு பையைத் தரையில் கொட்டு. தராசைப் பக்கத்தில் வைத்துக்கொள். எத்தனை கிராம் என்று அக்காவுக்கு ஒரு வரி எழுது, என்ன பின்னலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.