காயம் ஆறியும் வலி ஆறவில்லையா?

சுளுக்கு சரியான பிறகும் பிள்ளையின் கால் எரிகிறது, வீங்குகிறது, நிறம் மாறுகிறது, போர்வை பட்டாலே துடிக்கிறது என்றால், அது சிஆர்பிஎஸ் என்னும் நரம்பு சார்ந்த வலி நோயாக இருக்கலாம். சிறுவர்களில் இது பதின்வயதுப் பெண்களுக்கே அதிகம். பெரும்பாலும் காலில் வரும். எலும்பு முறிவு, தொற்று, ரத்தக்கட்டி எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால், காலுக்கு ஓய்வு தருவதும் கட்டுப் போட்டு வைப்பதும்தான் தவறு. அசையாத காலில் தசை மெலியும், மூட்டு இறுகும், வலியும் கூடும்.

வலியோடு நடக்கவைப்பது கொடுமையல்லவா என்று கேட்கலாம். இங்கே வலி என்பது புதிய காயத்தின் அறிகுறி அல்ல. ஓயாமல் அடிக்கும் பொய் எச்சரிக்கை மணி. பாஸ்டனில் 28 சிறுவர்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஆறு வாரப் பிசியோதெரபியும் மனநலப் பயிற்சியும் வலியைக் குறைத்து நடையை மேம்படுத்தின. மனநலப் பயிற்சி என்றதும் பிள்ளை நடிக்கிறாள் என்று பொருளல்ல. வலி உண்மை, அதைப் பெருக்கும் பயத்தைத்தான் அது தணிக்கிறது. ஆகவே பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில் பிள்ளை தினமும் காலூன்றி நடக்கட்டும். பஞ்சு, பிறகு துண்டு, பிறகு சொரசொரப்பான துணி என்று தேய்த்துத் தொடுதலுக்குப் பழக்குங்கள். பள்ளியை நிறுத்தாதீர்கள். "வலிக்கிறதா?" என்பதற்குப் பதில் "இன்று எவ்வளவு தூரம் நடந்தாய்?" என்று கேளுங்கள். அந்த ஆய்வில் பாதிப் பேருக்கு வலி திரும்பியது. திரும்பினால் கலங்காமல் பயிற்சியை உடனே தொடங்குங்கள்.