நம்பிக்கைகளும் உண்மைகளும்: தலைக்கணக்கும் கல்லாக்கணக்கும்

தாய்லாந்தின் சுற்றுலாத் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் சீனர்களைக் குறித்து இரண்டு நம்பிக்கைகள் உடனே வந்து நிற்கும். சீனர் வந்தால்தான் அந்நாட்டில் அடுப்பெரியும், அவர்கள் வராவிட்டால் புக்கெட்டும் பட்டாயாவும் படுத்துவிடும் என்பது முதலாவது. சீனர் சீன விமானத்தில் வந்து, சீனரின் விடுதியில் தங்கி, சீனரின் கடையில் வாங்கிவிட்டுப் போகிறார்கள், உள்ளூர்க்காரனுக்குச் சல்லிக்காசு தேறாது என்பது இரண்டாவது. இரண்டும் சேர்ந்தாற்போல் உண்மையாக இருக்க வழியில்லை. ஆனாலும் ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லக் கேட்கலாம். பயணியின் பாஸ்போர்ட்டைப் பார்த்தே வரவையும் செலவையும் தீர்மானித்துவிடும் பழக்கம்தான் இரண்டுக்கும் வேர். அவர் செலவழிக்கும் பணம் எத்தனை கை மாறுகிறது, கடைசியில் யார் கல்லாவில் விழுகிறது என்று பார்த்தால் படம் வேறாகிவிடும்.

முதலில் கஞ்சத்தனம் என்ற குற்றச்சாட்டு. கொரோனாவுக்கு முந்தைய 2019-ல் தாய்லாந்துக்கு ஏறத்தாழ 4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அவர்களில் சுமார் 1.1 கோடிப் பேர் சீனர்கள். அந்த ஆண்டு வெளிநாட்டுப் பயணிகளால் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 1.9 லட்சம் கோடி பாட். அதில் சீனர்களின் பங்கு 50,000 கோடி பாட்டுக்கு மேல். தலைக்கணக்கிலும் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல், பணக்கணக்கிலும் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல். சராசரிச் சீனப் பயணி சராசரிப் பயணி அளவுக்குச் செலவழித்திருக்கிறார் என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. ஐரோப்பியர் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கிச் செலவழிப்பதைப் போலன்றி, சீனர் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே ஊர் திரும்பிவிடுவார். அதனால் ஒரு நாளைக்கு அவர் செய்யும் செலவு சராசரியைவிட அதிகம். கடற்கரையில் நாள் முழுக்கப் புத்தகமும் கையுமாகப் படுத்திருக்கும் பயணியைவிட, பை நிறைய வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கிளம்பும் பயணி வணிகருக்கு லாபமானவர். இதை எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார்.

அப்படியானால் கஞ்சர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அதற்குக் காரணம் 'பூஜ்ஜிய டாலர்' சுற்றுலா எனப்படும் வியாபார முறை. சீனாவில் இருக்கும் முகவர் விமானச் செலவுக்குக்கூடக் கட்டாத விலையில் பயணச்சீட்டு, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து விற்பார். கூட்டம் பாங்காக்கில் இறங்கும்போது, உள்ளூரில் அவர்களை ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்துக்குச் சீன முகவர் ஒரு காசும் தரமாட்டார். சில நேரங்களில் உள்ளூர் நிறுவனமே தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துக் கூட்டத்தை வாங்கும். வாங்கிய நஷ்டத்தை ஈடுகட்ட, பஸ் கோயிலில் நிற்கும் நேரத்தைவிடக் கடை வாசலில் நிற்கும் நேரம் கூடும். காலையில் ரத்தினக் கடை, அடுத்து லேடெக்ஸ் தலையணைக் கடை, அப்புறம் தோல் பொருள், பறவைக்கூடு, பாம்பு மருந்து. உள்ளே போனால் கதவை அடைத்துவிட்டுச் சீன மொழியிலேயே ஒரு மணி நேரச் சொற்பொழிவு. விலை வெளிச்சந்தையைப் போலப் பல மடங்கு. விற்பனையில் கணிசமான பங்கு கமிஷனாக நிறுவனத்துக்கும் வழிகாட்டிக்கும் போகும். வாங்காத பயணியிடம் வழிகாட்டி முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆக, இலவசமாக ஊர் சுற்றியவராக நாம் நினைக்கும் அந்தப் பயணி உண்மையில் நல்ல விலை கொடுத்திருக்கிறார். அந்த விலை டிக்கெட்டில் இல்லாமல் தலையணையில் ஒளிந்திருந்தது, அவ்வளவே. இந்த முறையால் ஏமாந்தவர்களில் முதல் ஆள் சீனப் பயணியே. 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சீனாவின் சுற்றுலாச் சட்டம், நியாயமற்ற குறைந்த விலையில் ஆள் சேர்த்துக் கடைக் கமிஷனில் சம்பாதிப்பதைத் தடைசெய்ததும் அதனால்தான்.

சரி, பயணி செலவழித்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் தாய்லாந்தில் தங்கவில்லையே என்று இரண்டாம் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பாதி பதிலும் அதிலேயே இருக்கிறது. தாய்லாந்தின் 1999-ம் ஆண்டு வெளிநாட்டு வணிகச் சட்டப்படி பெரும்பாலான சேவைத் தொழில்களில் வெளிநாட்டவர் பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்க முடியாது. ஆகவே உள்ளூர்க்காரர் பெயரில் 51 சதவீதப் பங்கைக் காகிதத்தில் எழுதிவைத்து, கடையையும் விடுதியையும் படகையும் பின்னாலிருந்து சீன முதலாளி நடத்துவது ஒரு நடைமுறையாகவே வளர்ந்தது. நம் ஊர்ப் பினாமி வேலைதான். இத்தகைய கடையில் ஒரு சீனப் பயணி தன் கைபேசியில் அலிபே என்ற சீனச் செயலி வழியாக விற்பவரின் சீனக் கணக்குக்கே பணம் அனுப்பினால், அது தாய்லாந்து எல்லையைத் தொடவே தொடாது, வரித்துறைக்கும் தெரியாது. அதே பயணி, அதே கைபேசி, அதே அலிபே; ஆனால் அடுத்த தெருவில் மாம்பழச் சோறு விற்கும் அம்மாளின் வண்டியில் உள்ளூர் வங்கி கொடுத்த கியூஆர் அட்டை தொங்குகிறது. அங்கே செலுத்திய பணம் அந்த வங்கி வழியே பாட்டாக அவர் கணக்கில் வந்து விழும். வித்தியாசம் பயணியின் தேசத்தில் இல்லை, கடையின் உரிமையில் இருக்கிறது. கசிவு என்று பேசினால், பன்னாட்டுச் சங்கிலி ஹோட்டலில் ஒயின் குடிக்கும் ஜெர்மானியரின் பணத்திலும் பெரும்பகுதி வெளியே போகத்தான் செய்கிறது. அவர் கசிவு கணக்குப் புத்தகத்தில் 'மேலாண்மைக் கட்டணம்', 'இறக்குமதி' என்ற கௌரவமான பெயர்களில் ஏறிவிடுவதால் கண்ணில் படுவதில்லை.

விமான நிலையக் கட்டணம், அறை வாடகை, மதிப்புக் கூட்டு வரி, மின்சாரம், ஓட்டுநரின் கூலி, சமையல்காரரின் சம்பளம் இவையெல்லாம் மிக மோசமான பூஜ்ஜிய டாலர் கூட்டத்திடமிருந்தும் உள்ளூரில் ஓரளவு தங்கத்தான் செய்தன. சல்லிக்காசு தேறவில்லை என்பது மிகை. தங்க வேண்டிய அளவு தங்கவில்லை என்பது உண்மை.

பூஜ்ஜிய டாலர் முறையைத் தொட்டால் பயணிகளே ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் அதிகாரிகளிடமே இருந்தது. ஆனாலும் 2016 செப்டம்பரில் தாய்லாந்து அரசு இதன் மேல் கைவைத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் பறிமுதலாயின. தலைக்கு ஒரு நாளைக்கு 1,000 பாட்டுக்குக் குறைவாகப் பயணம் விற்கக்கூடாது என்று விதி வந்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் சீனர் வருகை சடாரென்று சரிந்தது. பாருங்கள், சொன்னோமே என்றார்கள். ஆனால் ஆண்டுக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2016-ல் சுமார் 88 லட்சம், 2017-ல் 98 லட்சம், 2018-ல் 1.05 கோடி, 2019-ல் 1.1 கோடி. மலிவுக் கூட்டம் போன இடத்தைத் தனியாகவும் குடும்பமாகவும் வருபவர்கள் நிரப்பினார்கள். (பஸ் பறிமுதலையொட்டித் தொடரப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 2017-ல் கீழ்நீதிமன்றம் விடுவித்தது என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கு தோற்றது; சந்தை மாறியது.) கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கும் வழிகாட்டியும் பின்னால் ஓடும் ஐம்பது பேரும் என்ற சித்திரம், கொரோனாவுக்கு முன்பே பாதிக்கு மேல் பழசாகிவிட்ட ஒன்று. 2012 டிசம்பரில் வெளியான 'லாஸ்ட் இன் தாய்லாந்து' என்ற சீன நகைச்சுவைப் படம் சியாங் மாய்க்கு இழுத்துவந்த இளைஞர்களிலும் பலர் தாமே அறை பிடித்து, ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துத் திரிந்தவர்கள். பினாமிக் கடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறாத பயணியின் பணம் தெருவில் பரவுகிறது.

இனி முதல் நம்பிக்கைக்கு வருவோம்: சீனர் இல்லாவிட்டால் தாய்லாந்து மூழ்கும். இதற்குச் சோதனை எதிர்பாராமலே நடந்துவிட்டது. 2024-ல் வந்த மொத்தப் பயணிகள் சுமார் 3.55 கோடி, சீனர் 67 லட்சம். 2025-ல் சீனர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்து 45 லட்சத்துக்கு அருகே இறங்கியது. 2024-ல் பிடித்திருந்த முதலிடத்தைச் சீனா மலேசியாவிடம் இழந்தது. மொத்த வருகை சுமார் 7 சதவீதம் குறைந்தது, வருமானம் அதைவிடக் குறைவாகவே இறங்கியது. மூன்றாம் இடத்தில் இருந்த இந்தியரும், ரஷ்யரும், தொலைதூரத்திலிருந்து வந்து நீண்ட நாள் தங்கும் மற்றவர்களும் அடியைத் தாங்கினார்கள்.

அப்படியென்றால் சேதமே இல்லையா? உண்டு, ஆனால் அது நாடு முழுக்கச் சமமாகப் பரவவில்லை. சாலை வழியாக சடாவ் எல்லையைக் கடந்து ஹாட் யாய்க்கு வந்து, கறியும் கடல் உணவும் சாப்பிட்டுவிட்டு வார இறுதியில் திரும்பும் மலேசியர், பட்டியலில் ஒரு சீனரை ஈடுசெய்வார். பட்டாயாவில் சீனக் கூட்டங்களுக்கென்றே நானூறு அறையுடன் கட்டிய ஹோட்டலை அவரால் ஈடுசெய்ய முடியாது. ரஷ்யர் புக்கெட்டை நிரப்பலாம். சியாங் மாயில் சீன மொழி பேசி வண்டி ஓட்டப் பழகிக்கொண்டவருக்கு அதனால் சவாரி கிடைக்காது. 'வேறு நாட்டினர் வந்து நிரப்பிவிட்டார்கள்' என்று மொத்தக் கணக்கைக் காட்டி நிம்மதியடைவதும், சீனர் குறைந்ததைக் காட்டி ஒப்பாரி வைப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். ஓர் ஊர் எந்த அளவுக்கு ஒரே வகைப் பயணியை நம்பித் தன் கட்டடங்களையும் ஆட்களையும் அமைத்துக்கொண்டது என்பதைப் பொறுத்தே அடி விழுகிறது.

விசாவை எடுத்துவிட்டால் சீனர் திரும்பிவிடுவர் என்றும் ஒரு நம்பிக்கை நிலவியது. 2024 மார்ச் 1 முதல் இரு நாட்டினருக்கும் பரஸ்பரம் விசா தேவையில்லை. அதற்குப் பிறகுதான் இந்தச் சரிவு. காரணம் பணத்தில் இல்லை, பயத்தில் இருக்கிறது. 2025 ஜனவரியில் சீன நடிகர் வாங் சிங் தாய்லாந்து எல்லை நகரான மே சோட்டிலிருந்து மியான்மரின் இணைய மோசடி முகாமுக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட செய்தி, சீனாவின் ஒவ்வொரு கைபேசியிலும் ஓடியது. 2018 ஜூலையில் புக்கெட் அருகே ஒரு படகு மூழ்கி 47 சீனர்கள் இறந்தபோதும் இப்படித்தான் ஆயிற்று. அன்றைய துணைப் பிரதமர் பிரவித் வோங்சுவான், பழியைச் சீன நடத்துநர்கள் மீதே போடும் விதத்தில் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் 2,000 பாட் விசாக் கட்டணத்தையும் தற்காலிகமாகத் தள்ளுபடி செய்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு பினாமிப் படகு நிறுவனங்களைப் பற்றிய விசாரணை சூடுபிடித்ததைக் கவனித்தால், பணக் கசிவும் பாதுகாப்புக் கசிவும் ஒரே ஓட்டை வழியாக நடப்பது தெரியும். யார் உரிமையாளர் என்று தெரியாத படகுக்கு யார் பொறுப்பேற்பது? 2025-ல் சீனர் பயணம் செய்வதையே நிறுத்திவிடவில்லை. அதே ஆண்டு வியட்நாமுக்குப் போன சீனர் 50 லட்சத்தைத் தாண்டினார்கள்.

கடற்கரை அழிவையும் சீனர் தலையில் கட்டுவதுண்டு. 2018-ல் மூடப்பட்டு, மூன்றரை ஆண்டு கழித்து 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மாயா விரிகுடாவை உலகறியச் செய்தது 2000-ல் வந்த ஹாலிவுட் படம். சீனர் பெருமளவில் வரத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் பிறகு. பவளப்பாறையைக் கெடுத்தது கட்டுப்பாடில்லாத படகு நங்கூரமும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான கால்களும். அந்தக் கால்கள் எந்த நாட்டுக்குரியவை என்று பாறைக்குத் தெரியாது. இப்போது படகுகளை விரிகுடாவுக்குள் விடுவதில்லை, ஆள் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. வந்தவர் குறைந்ததால் அங்கே வியாபாரம் செத்துவிடவும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் தலைக்கணக்கின் பிடி தளரவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். விமானத்தில் வரும் ஒவ்வொரு வெளிநாட்டவரிடமும் 300 பாட் நுழைவுக் கட்டணம் வாங்கி, பயணிகளின் காப்பீட்டுக்கும் சுற்றுலாத் தலங்களின் பராமரிப்புக்கும் செலவிடலாம் என்று 2023 பிப்ரவரியில் தாய்லாந்து அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பயணிகள் குறைந்துவிடுவார்களோ என்ற தயக்கத்தில் அது மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. 2019 கணக்குப்படி சராசரிப் பயணி ஒருவர் செலவழித்தது ஏறத்தாழ 48,000 பாட். அதில் 300 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. லேடெக்ஸ் தலையணை ஒன்றில் போகும் கமிஷன் அதைவிட அதிகம்.