ஆளுக்கொரு பதார்த்தம்: பாட்லக் அழைப்பை எப்படி எழுதலாம்?

புத்தாண்டு, பொங்கல் என்றால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது பாட்லக் விருந்து வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்துவந்து மொட்டை மாடியில் சேர்ந்து சாப்பிட்டால் செலவும் பங்காகிறது, வேலையும் பங்காகிறது. ஆனால் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு "சாப்பாடு கொண்டு வாங்க" என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. அந்தக் கூச்சத்தில் அழைப்பைப் பட்டும் படாமலும் எழுதிவிடுகிறோம். எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, பணமும் தர வேண்டுமா என்று வருபவர் திண்டாடுகிறார். மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் வீடுதான் முதலில் "ஊருக்குப் போறோம்" என்று ஒதுங்கிக்கொள்ளும். அந்த வீடும் தயக்கமில்லாமல் வரும்படி விவரத்தை நேராகச் சொல்வதே அழைப்பில் நாம் காட்டும் மரியாதை.

செய்ய வேண்டியவை

1. பாட்லக் என்பதை முதல் இரண்டு வரிக்குள் சொல்லுங்கள். "வருகிறோம்" என்று சொன்ன பிறகு தெரியவந்தால் சங்கடம்.

2. உங்கள் பங்கை முதலில் எழுதுங்கள். "சாதம், சாம்பார், அப்பளம், குடிதண்ணீர் எங்கள் வீட்டிலிருந்து" என்று ஆரம்பித்தால், அடுத்து நீங்கள் கேட்பது யாருக்கும் உறுத்தாது.

3. பட்டியல் கொடுங்கள், தேர்வை அவர்களிடம் விடுங்கள். அதில் மலிவானவையும் சுலபமானவையும் தாராளமாக இருக்கட்டும்: சுண்டல், மோர், வெள்ளரிப் பச்சடி, வாழைப்பழம். தனியாகத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கேன் தூக்குவது, நாற்காலி போடுவது போன்ற வேலைகளையும் சேருங்கள்.

4. அளவைச் சொல்லுங்கள். முப்பது பேர் வருகிறார்கள் என்றால் முப்பது பேரும் வயிறாரச் சாப்பிடும் அளவுக்குத் தாம் ஒருவரே செய்ய வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அஞ்சாறு பதார்த்தம் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு கரண்டிதான் போகும். ஒரு கிலோ அரிசியில் கிளறிய புளியோதரை முப்பது பேருக்குத் தாராளம். இதை எழுதினாலே பாதிச் செலவு மிச்சம்.

5. எது ஒத்துக்கொள்ளாது என்று கேளுங்கள். சைவம் மட்டுமா, அசைவத்துக்குத் தனி மேசையா என்பதையும் தெளிவாக்குங்கள். வேர்க்கடலை, முந்திரி சிலருக்கு ஆபத்து. சேர்த்திருந்தால் பாத்திரத்தில் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

6. கூடும் நேரத்தோடு சாப்பிடும் நேரத்தையும் எழுதுங்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "7 மணிக்குக் கூடுகிறோம், 7.30-க்குச் சாப்பாடு" என்று தெரிந்தால் தேங்காய்ச் சட்னியைக் கடைசியில் அரைத்துக்கொள்வார்கள்.

7. தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தட்டுகளுக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளுக்கும் தடை இருக்கிறது. பாக்கு மட்டைத் தட்டு வாங்கும் காசில் இன்னொரு பாயசம் வைத்துவிடலாம்.

செய்யக்கூடாதவை

1. "விலைவாசி இப்படி இருக்கே, எங்களால் முடியல" என்று காரணம் சொல்லிப் புலம்பாதீர்கள். வருபவருக்குத் தாம் ஒரு பாரம் என்று தோன்றிவிடும். "எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஆசை" என்பதே போதிய காரணம்.

2. பொது வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைச் சுட்டிக் கேட்காதீர்கள். "நாலாம் மாடி அக்கா, உங்க மட்டன் பிரியாணிதான் வேணும்" என்பது பாராட்டுதான். ஆனால் பத்துப் பேர் பார்க்க அவர் மறுக்க முடியாது, செலவோ ஆயிரக்கணக்கில். தனியாகக் கேளுங்கள், முடியாது என்று சொல்லவும் இடம் விடுங்கள்.

3. பணத்தையும் பதார்த்தத்தையும் ஒன்றாகக் கேட்காதீர்கள். ஏதாவது ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பிறந்தநாள் விருந்தென்றால் "பரிசு வேண்டாம், பதார்த்தமே போதும்" என்று எழுதிவிடுங்கள்.

4. வீட்டில் செய்ததுதான் வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். இரவுப் பணி முடித்து வருபவர் அரைக் கிலோ முறுக்கு வாங்கிவந்தாலும் அதுவும் பங்குதான்.

5. "லேடீஸ் எல்லாரும் கவனிக்கவும்" என்று தொடங்காதீர்கள். அழைப்பு குடும்பத்துக்கு; சமைப்பது யார் என்பதை அந்த வீடு பார்த்துக்கொள்ளும்.

6. பட்டியலில் பெயர் கொடுக்காதவரைத் துரத்தாதீர்கள். இரண்டு நாள் முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நினைவூட்டல் போதும்.

மாதிரி அழைப்பு

"வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 7 மணிக்கு மொட்டை மாடியில் கூடி, 7.30-க்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஆசை. பாட்லக் முறையில் வைத்திருக்கிறோம். சாதம், சாம்பார், அப்பளம், தண்ணீர் எங்கள் பொறுப்பு. கூட்டு, பொரியல், சுண்டல், பச்சடி, மோர், பழம் இவற்றில் உங்களுக்கு எது சுலபமோ அதைச் சொல்லுங்கள். சைவம் மட்டும், ஒரு சிறு பாத்திரம் போதும், கடையில் வாங்கியதும் சரி. எதுவும் செய்ய நேரமில்லை என்றால் சும்மா வாருங்கள், பரிமாற ஆள் வேண்டும். தட்டு, டம்ளர் எடுத்து வாருங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

வயதானவர்களுக்கு வாட்ஸ்அப் போதாது. கதவைத் தட்டி, "மாமா, மாமி, ரெண்டு பேரும் அவசியம் வரணும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், மாடிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று நேரில் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் அழைப்பை, போன மாதம் குடிவந்தவராக உங்களை நினைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். என்ன கொண்டுவருவது, எவ்வளவு, முடியாவிட்டால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருந்தால், தயங்காமல் அனுப்புங்கள்.