லாமாவின் சாது குணம்

'லாமா' என்றவுடன் நம்மில் பலருக்குத் திபெத்தியத் துறவியர்தாம் நினைவுக்கு வருவர். நான் எழுத வந்ததோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடருக்குரிய ஒரு விலங்கைப் பற்றி. இது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் திமில் இல்லை. குவானகோ என்னும் காட்டு விலங்கைப் பழக்கி மலைவாழ் மக்கள் இதனை உண்டாக்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. குதிரையையும் மாட்டையும் அறியாத இன்கா பேரரசில் சுமை சுமந்த விலங்கு இதுவே.

லாமா சாதுவான பிராணி என்று எல்லா நூல்களும் கூறுகின்றன. அது உண்மைதான். புதியவர் ஒருவர் வந்தால் மெல்ல நெருங்கி, மூக்கை நீட்டி முகர்ந்து பார்க்கும். தாயும் குட்டியும் 'ம்ம்' என்று முனகிப் பேசிக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் முரண்டு செய்து ஓடாது. காலை மடக்கி உட்கார்ந்துவிடும். சுமையைக் குறைக்கும் வரை எழாது! எச்சில் உமிழும் என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. ஆனால் பெரும்பாலும் தீனிச் சண்டையில் தன் இனத்தின் மீதுதான் உமிழும். அதற்கு முன்பும் காதைப் பின்னுக்கு மடித்து எச்சரிக்கை செய்யும்.

ஆயினும் இந்தச் சாது குணம் பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதன்று. வளர்ந்த ஆண் லாமாவின் வாயில் கத்தி போன்ற ஆறு சண்டைப் பற்கள் உண்டு. அவை பிற ஆண்களுடன் போரிடுவதற்கு உரியவை. யாருடன் போரிடலாம், யாருடன் கூடாது என்பதைக் குட்டி மந்தையில்தான் கற்றுக்கொள்கிறது. தாயிடமிருந்து பிரித்து, புட்டிப்பால் ஊட்டி, மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த ஆண் குட்டி மனிதனையும் லாமா என்றே எண்ணிவிடுகிறது. பருவம் வந்ததும் மனிதன் அதற்குப் போட்டியாளன் ஆகிறான். ஓடிவந்து மார்பால் மோதித் தள்ளும், காலைக் கடிக்கும். முழு வளர்ச்சி பெற்ற லாமாவின் எடை 130 கிலோவுக்கு மேல் என்பதை நினைத்துப் பாருங்கள். காயடித்தாலும் பழகிவிட்ட குணம் எளிதில் மாறுவதில்லை. எங்கள் வீட்டில் கையால் வளர்த்த கிடாயும் இப்படித்தான், ஊராரை விட்டுவிட்டு எங்களையே முட்டும்.

1980-களில் அமெரிக்காவில் லாமா வளர்ப்பது ஒரு மோகமாக இருந்தது. ஒன்றுக்குப் பல்லாயிரம் டாலர் விலை போயிற்று. பிறகு விலை சரிந்தது. வேண்டாதவை காப்பகங்களுக்கு வந்து சேர்ந்தன. காப்பகங்களுக்கும் சோதனை வந்தது: 2010-11 குளிர்காலத்தில் மான்டானா மாநிலத்தில் ஒரு பெரிய காப்பகம் பணமின்றி மூடப்பட, அங்கிருந்த நூற்றுக்கணக்கான லாமாக்களைத் தொண்டர்கள் வெவ்வேறு மாநிலங்களுக்குக் கொண்டுபோய் அடைக்கலம் தேட வேண்டியதாயிற்று.

ஆகவே லாமாவை நன்கு அறிந்தவர்கள் ஆண் குட்டியைக் கட்டியணைக்க விடுவதில்லை. தாயற்ற குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் கொஞ்சாமல் கொடுத்துவிட்டு, உடனே மந்தையில் விட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் கொஞ்சி வளர்த்துக் கெட்டுப்போன லாமாவுக்குச் சண்டைப் பற்களை அறுத்துவிட்டு, தனி வேலிக்குள் அடைத்து, எட்ட நின்றே தீனி போட வேண்டியிருக்கிறது. லாமாவின் ஆயுளோ ஏறத்தாழ 20 ஆண்டுகள்.