மருந்து ஊற்றினால் செடி தானே வடிவுக்கு வருமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டை என எங்கு போனாலும் ஆலை வாசலில் இட்லிப்பூவோ செம்பருத்தியோ காகிதப்பூவோ வேலி கட்டி நிற்கும். அதை அடிக்கடி வெட்டிவிட ஆள் கிடைப்பதில்லை. அப்போதுதான் மாமரத்துக்கு வேரில் ஊற்றும் பாக்லோபுட்ரசால் என்ற வளர்ச்சி குறைக்கும் மருந்தின் மேல் கண் போகிறது.

நம்பிக்கை: மருந்து ஊற்றினால் கத்தரி வேண்டாம், புதர் தானே உருண்டையாகும்.

உண்மை: ஆகாது. செடியை நீட்டி வளர்ப்பது ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோன். நெற்பயிரை ஒல்லியாக, உயரமாக இழுத்துவிடும் பூஞ்சையின் கசிவிலிருந்துதான் இது அறியப்பட்டது. அந்தக் கசிவே பயிரை நீட்டுகிறது என்று 1926இல் குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர் காட்டினார். பாக்லோபுட்ரசால் இந்த ஹார்மோன் உருவாவதையே தடுக்கிறது. மருந்து பட்ட செம்பருத்திக் கிளையை ஒடித்துப் பாருங்கள்: இலைகள் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான், ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கியிருக்கும். கோணலாக வளர்ந்த புதர் கோணலாகவே நிற்கும், மெதுவாக வளரும், அவ்வளவுதான். பக்கக் கிளைகள் வெடிக்க வேண்டுமானால் நுனிக்கொழுந்து போக வேண்டும். ஆகவே முதலில் கவாத்து, புதுத் தளிர் வந்த பிறகே மருந்து.

நம்பிக்கை: இலை கரும்பச்சையானால் சத்து ஏறிவிட்டது.

உண்மை: செல்கள் சிறுத்து, பச்சையம் நெருங்கியதால் வந்த நிறம் அது. இதை நம்பி உரத்தை நிறுத்தக் கூடாது.

நம்பிக்கை: இலைமேல் தெளித்தாலே போதும்.

உண்மை: பாக்லோபுட்ரசால் நீரோடு மேல்நோக்கித்தான் ஏறும். இலையில் பட்டது பெரும்பாலும் இலையிலேயே தங்கும். தண்டும் வேரும் உறிஞ்சினால்தான் வேலை செய்யும்.

நம்பிக்கை: அளவு கொஞ்சம் கூடினால் என்ன, கட்டுக்குள் இருக்கும்.

உண்மை: இதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. மண்ணில் இது மாதக்கணக்கில், சில மண்ணில் அதற்கும் மேல் தங்கும். அளவு மீறினால் இலைகள் கொத்தாக முடங்கிவிடும், பூங்கொத்து நெரிசலில் சிக்கும். அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு நட்டாலும் புதுச்செடியும் குட்டையாகலாம். ஜிப்பரெல்லிக் அமிலம் தெளித்து ஓரளவு மீட்கலாம், ஆனால் மண்ணில் இருப்பதை அது எடுத்துவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உருக்காலைத் தூசியை மறிக்க மதிலோரம் வைத்த கிரீன் பெல்ட்டுக்கு இந்த மருந்தே வேண்டாம். அங்கே செடிக்கு உயரமும் அகன்ற இலைப்பரப்பும்தான் தேவை. அதைக் குறைக்கக் காசு செலவழிப்பது தவறு. லாரி திரும்பும் முனையில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் சில புதர்களுக்கு மட்டும், அதுவும் விவரம் தெரிந்த தோட்டக்கலை அலுவலரிடம் அளவு கேட்டு, பயன்படுத்தலாம்.