மருந்தை வெல்லும் நுண்ணுயிர்

திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதனைக் கற்போர், அங்கே மருந்தினும் உணவே பெரிதும் பேசப்படுதலைக் காண்பர். உண்ணும் முறை வழுவினாற் பிணி வரும் என்பது பண்டையோர் கண்ட உண்மை. ஆயின், உணவாகும் விலங்குக்கு வரையின்றி இட்ட மருந்து, உண்பவனுக்கு வந்த பிணியைத் தீராப் பிணியாக்கலாம் என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே வெளிப்பட்டது. அதனை வெளிப்படுத்தியோருள் ஒருவர் எப்பிரேம் சோல் அன்டர்சன் என்னும் பிரித்தானிய நுண்ணுயிரியலறிஞர். அவர்தம் ஆராய்ச்சியை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

1928ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். பின்னர் ஸ்ரெப்ரோமைசின், குளோரம்பெனிக்கோல், தெற்றாசைக்கிளின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நெருப்புக்காய்ச்சல், சயரோகம் ஆகிய கொடு நோய்கள் இவற்றுக்கு அடங்கின. எனினும், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். போதாத அளவில் மருந்துண்பவன், நுண்ணுயிரை மருந்துக்கு அடங்காததாக ஆக்கிவிடுகின்றான் என்பதே அதன் கருத்து.

இஃது எவ்வாறு நிகழும்? பல கோடி பற்றீரியாக்களுள் ஒரு சில, தற்செயலாய் நேர்ந்த பரம்பரை மாற்றத்தால் மருந்தைத் தாங்கும். மருந்து ஏனையவற்றை அழிக்க, எஞ்சிய அவை தடையின்றிப் பெருகும். இம்மட்டே ஆயின் கேடு சிறிது. 1959ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் மற்றொன்றையும் கண்டனர். வயிற்றுளைவை உண்டாக்கும் பற்றீரியாவுக்கும் குடலில் இயல்பாய் வாழும் பற்றீரியாவுக்கும் இடையே, பல மருந்துகளைத் தாங்கும் ஆற்றல் ஒருங்கே கைமாறுகின்றது. நம் தேசவழமையின் மொழியிற் கூறின், அவ்வாற்றல் முதுசமாக வழித்தோன்றலுக்கு மட்டுமன்றி, நன்கொடையாக அயலானுக்கும் செல்கின்றது. அதனைச் சுமந்து செல்லும் சிறு மரபுப் பொருளை இன்று பிளாசுமிட்டு என்பர்.

அன்டர்சன் 1954ஆம் ஆண்டு முதல், இலண்டன் கொலின்டேலிற் குடல்நோய்ப் பற்றீரியாக்களை ஆராயும் ஆய்வுகூடத்துக்குத் தலைவராயிருந்தார். அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று சல்மொனெல்லா தைபிமூரியம். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றின் வழியே மக்களை அடைந்து, காய்ச்சலும் வயிற்றோட்டமும் தருவது அது. பார்வைக்கு ஒன்றேயான அப்பற்றீரியாவை, எந்த எந்த வைரசுக்கு அது இரையாகின்றது என்பதைக்கொண்டு பல வகைகளாகப் பிரிக்கலாம். இம்முறையால், ஒரு நோயாளியிடம் பெற்ற பற்றீரியாவும் தொலைவிலுள்ள கன்று ஒன்றிடம் பெற்றதும் ஒரே வகையினவா என்று துணிய முடிந்தது.

1960களில் இதன் 29ஆம் வகை இங்கிலாந்தின் கன்றுகளிடையே பரவியது. பிறந்து சின்னாளே ஆன கன்றுகளைப் பல பண்ணைகளிலிருந்து திரட்டி, நெருக்கி அடைத்து, தொலைதூரம் அனுப்பும் வழக்கம் அதற்கு வாய்ப்பாயிற்று. நோயைத் தீர்க்கவும், வராது காக்கவும், மந்தைகளுக்கு மருந்து தாராளமாக அளிக்கப்பட்டது. நோய் நீங்கவில்லை, பற்றீரியாவோ ஒரு மருந்துக்குப் பின் மற்றொன்றாகப் பலவற்றையும் தாங்கலாயிற்று. அதே வகை, அதே தாங்குதிறனுடன், மக்களிடத்தும் நோயாய்த் தோன்றியது. அத்தாங்குதிறன் பிற பற்றீரியாக்களுக்கும் கைமாறத் தக்கது என்பதை அன்டர்சன் 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

எல்லாரும் அவருடன் ஒருப்பட்டிலர். கால்நடை மருத்துவருள்ளும் மறுத்தோர் இருந்தனர். எனினும், பேராசிரியர் மைக்கல் சுவான் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு 1969ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. மக்களின் நோய்க்குப் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளை, விலங்கு விரைந்து கொழுப்பதற்காகத் தீனியிற் கலத்தலாகாது என்பது அதன் பரிந்துரை. ஐரோப்பிய ஒன்றியம் இந்நோக்கத்துக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனியிற் சேர்த்தலை முற்றாகத் தடுத்ததோ 2006ஆம் ஆண்டிலேயாம்.

தாமதத்துக்கு விலை உண்டு. 1972ஆம் ஆண்டில் மெக்சிக்கோவிற் பரவிய நெருப்புக்காய்ச்சல் குளோரம்பெனிக்கோலுக்கு அடங்கவில்லை. பிற மருந்துகள் பயனற்றவிடத்து இறுதியாக நாடப்படும் கொலித்தீனைத் தாங்கும் ஆற்றல், பிளாசுமிட்டின் வழியே கைமாறுவதைச் சீன ஆய்வாளர் 2015ஆம் ஆண்டில் அறிவித்தனர். பன்றிகளிலும், விற்பனைக்கிருந்த இறைச்சியிலும், நோயாளரிடத்தும் அவர்கள் அதனைக் கண்டனர். கன்றின் கதையே பன்றியிடத்து மீண்டும் நிகழ்ந்தது.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? தடிமன் வைரசால் வருவது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. சல்மொனெல்லாவால் வரும் வயிற்றோட்டமும், நலமுடையோரிற் பெரும்பாலும், இழந்த நீரை ஈடுசெய்தாலே தீரும். கடுமையாய் வந்தவிடத்தும், குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் வந்தவிடத்தும் வைத்தியரை நாடுதல் வேண்டும். வைத்தியர் தந்ததை அவர் குறித்தவாறே உண்ணுக. எஞ்சிய குளிசையைப் பிறர்க்கு ஈதல் அறமன்று. இறைச்சியையும் முட்டையையும் நன்கு வேகவைத்தலும், பச்சை இறைச்சி பட்ட கத்தியையும் பலகையையும் கழுவிய பின்னரே பிறவற்றை நறுக்குதலும், கைகழுவுதலும் நோயையே வாராது காக்கும். வாராத நோய்க்கு மருந்து வேண்டுவதில்லை.

மருந்தின் ஆற்றல் ஊர்ப் பொதுக்குளம் போன்றது. ஒருவன் வீணே இறைத்த நீர், கோடையில் அயலான் பிள்ளைக்கு இல்லாமற் போகும். நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் இளைஞரும், வைத்தியராயும் கமக்காரராயும் பணிபுரியும் பழைய மாணவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.